எண்ணுகிற வரி

ஜான்ஸ்டன் சதுக்கத்தில் உரக்கடை மாடி.
ஆயிரத்து நானூறு வீடுகளுக்கு
இணையம் இங்கிருந்துதான் போகிறது.
கீழே யூரியா நெடி.
மேலே, பெங்களூரில் யாரோ கழித்துவிட்ட சர்வர்,
அதில் செருகிய பத்து கிகாபிட் அட்டை.
பெட்டியோடு வரும் பெரிய ரூட்டர் வாங்க
எங்கள் நாலு வருஷ லாபம் பத்தாது.
அதனால் லினக்ஸ்.
அதனால் நான்.

மூன்று நாளாக ஒரு எண் ஏறிக்கொண்டிருக்கிறது.
கைவிட்ட பாக்கெட்டுகள்: இத்தனை.
யாருடையவை என்று அது சொல்லாது.
அரவேனுவில் ஒரு முகம் வாய் திறந்தபடி உறைந்ததாம்.
கட்டபெட்டில் ஒரு பையன்
பரீட்சையைச் சமர்ப்பித்தானா இல்லையா என்று
அவனுக்கும் தெரியவில்லை, பரீட்சைக்கும் தெரியவில்லை.
கம்பத்தின் மேலிருந்து பெள்ளி கத்துகிறான்:
"ஒளி நல்லாத்தான் இருக்குக்கா, மைனஸ் பதினெட்டு.
குத்தம் உங்ககிட்டதான்."

கணக்கு இதுதான்.
எல்லாமே சின்னச் சின்னதாக வந்தால்
நொடிக்கு ஒன்றரைக் கோடி.
ஒன்றுக்குக் கிடைப்பது அறுபத்தேழு நானோநொடி.
கண்ணாடி இழைக்குள் வெளிச்சம்
பதின்மூன்று மீட்டர் ஓடும் நேரம்,
அதாவது இந்த ஜன்னலிலிருந்து
எதிர் பேக்கரி வாசல் வரை.
அதற்குள் முகவரி படித்து, வழி பார்த்து,
அனுப்பிவிட வேண்டும்.

வழக்கமாக, வருகிற பாக்கெட்
மணியடித்துக் கர்னலைக் கூப்பிடும்.
மணி ஓயாவிட்டால்
எழுந்து கதவு திறப்பதே வேலையாகிவிடும்,
வந்தவரை உள்ளே கூப்பிட ஆளிருக்காது.
மணியைக் கழற்றினேன்.
ஒரு கோரைத் தனியே ஒதுக்கி
வளையத்தின் வாயில் நிறுத்தினேன்.
வந்ததா வந்ததா வந்ததா என்பது மட்டுமே அதன் பிழைப்பு.
ஊர் அணைந்த பிறகும்
நூறு சதவீதம் ஓடும், ஒன்றுமே வராமல்.
அந்தச் சூட்டில்தான் என் காலுறை காய்கிறது.
மார்கழிக் கோத்தகிரியில் இதை
வீண் செலவு என்று எவனும் சொல்லட்டும் பார்ப்போம்.

நகலெடுப்பதையும் நிறுத்தினேன்.
பச்சை இலைச் சாக்குக்குத்
தோட்டத்தில் ஒரு தராசு, ஏஜெண்ட் ஷெட்டில் ஒன்று,
ஃபேக்டரியில் ஒன்று;
ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும்
ஒரு கிலோ காற்றோடு போகும்.
என் ஒன்றரை ஏக்கர் இலையை
நான் நேரே ஃபேக்டரிக்குத்தான் ஏற்றுகிறேன்.
இதுவும் அப்படியே:
அட்டை இறக்கிய இடத்திலேயே கிடக்கட்டும்,
நிரல் எழுந்து வந்து பார்க்கட்டும்.

இருந்தும் எண் ஏறியது.

ராத்திரி இரண்டு மணிக்கு
டிரைவரின் மூலத்தைத் திறந்து படித்தேன்.
திறந்த நிரலில் இது ஒரு வசதி,
முன்பின் தெரியாதவர் சமையலறைக்குள் போய்
மூடி திறந்து பார்க்கலாம்.
எந்த ஊர்க்காரரோ,
ஆயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு நடுவே
ஒரு குறிப்பு விட்டுப் போயிருந்தார்:
'இந்தச் சுற்றுக்குள் எதையும் எழுதிக்காட்டாதே.
நான் செய்தேன். இரண்டு வாரம் போயிற்று.'

சிரித்தேன்.
பிறகு என் நிரலுக்குத் திரும்பி, சிரிப்பில்லாமல்,
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
முதல் நாள் நானே வைத்தது.
ஏன் விழுகிறது என்று பார்ப்பதற்காக,
வருகிற ஒவ்வொன்றையும் எண்ணித் திரையில் எழுது என்று.
அது ஒன்றை எழுதி முடிப்பதற்குள்
பின்னால் நூறு வந்து, இடமில்லாமல்,
சத்தமே இல்லாமல் விழுந்திருக்கின்றன.

அழித்தேன்.
எண் நின்றது.

திரையில் இப்போது ஒன்றுமில்லை.
என்ன போகிறது, எவ்வளவு போகிறது,
எதுவும் எனக்குத் தெரியாது.
வெளியே மூடுபனியில் பேக்கரியும் இல்லை.
எங்கள் லைனிலேயே பெள்ளிக்கு
வாட்சப்பில் கூப்பிட்டேன்.
அவன் மனைவி எடுத்து, அவன் காதில் வைத்தாள்.
"என்னக்கா?"
"ஒண்ணுமில்லை. கேக்குதா?"
"கேக்குது."
"விட்டு விட்டா?"
"இல்லக்கா, நல்லாவே கேக்குது.
இதுக்கா எழுப்பினீங்க?"